விரல் தூக்கினால் கெட்டி மேளம்

கல்யாண மேடையில் யாராவது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை ஆட்டினால், நான் என்ன வாசித்துக்கொண்டிருந்தாலும் அதை அங்கேயே போட்டுவிட வேண்டும். கெட்டி மேளம். அதற்கு ராகம் கிடையாது, நெளிவு சுளிவு கிடையாது. சத்தம் வேண்டும், அவ்வளவுதான். தாலி ஏறுகிற நேரத்தில் எவனாவது தும்மினால், எவளாவது மூக்கைச் சிந்தினால், பந்தியில் சாம்பார் வாளிக்காரன் கெட்ட வார்த்தை பேசினால், அது மணமக்கள் காதில் விழக் கூடாது. அதற்காகத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள். இப்படிச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கே கோபம் வரும். மங்கள வாத்தியம் என்று சொல்ல வேண்டுமாம். சொல்லிக்கொள்ளட்டும். தும்மலை மறைக்கிற வேலையை நான் இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன்.

நான் சாக்ஸபோன் வாசிக்கிறவள். என் அண்ணன் தவில். வீடு காஞ்சிபுரம் செவிலிமேட்டில். முதலில் கற்றது நாகஸ்வரம். கல்யாண வீட்டார் "சாக்ஸ் இருக்குதா?" என்று கேட்க ஆரம்பித்த பிறகு சாக்ஸபோனுக்கு மாறினேன். கலைத் தாகம் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். அவர்கள் கேட்டார்கள், நான் மாறினேன்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு ஆசை இருந்தது. நீலாம்பரி ராகத்தை நிதானமாக எடுத்து, ஒரு தாலாட்டு மெட்டுக்குள் இறங்கி, கடைசி வரை வாசித்து முடிக்க வேண்டும். மொத்தம் பதினைந்து நிமிஷம்கூட ஆகாது. அந்தப் பதினைந்து நிமிஷத்தை எந்த முகூர்த்தமும் எனக்குக் கொடுத்ததில்லை. ஆரம்பிப்பேன், மேலே போவேன், விரல் வந்துவிடும். நீலாம்பரியின் முதல் பாதி எனக்கு வீட்டு வாசல் மாதிரி. இரண்டாம் பாதியை நான் பொது இடத்தில் முடித்ததே இல்லை.

ஒரே ஒரு தடவை கிட்டே போனேன். ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்த நேரத்தில் தாலியைக் காணவில்லை. மாப்பிள்ளையின் மாமன் அதைக் காரிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார், கார் சாவி எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. மண்டபமே கலங்கிப்போய் நின்றது. பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் அன்றைக்கு நல்ல நாள். பதினோரு நிமிஷம் வாசித்தேன். தாலாட்டின் கடைசி அடிக்குள் கால் வைக்கிறேன், மாமன் தாலியோடு ஓடி வருகிறார், புரோகிதர் விரலைத் தூக்குகிறார். அந்தத் தாலியை நாலு நிமிஷம் கழித்துக் கண்டுபிடித்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

சென்னையில் ஒரு பாருக்கு நான் வாசிக்கப் போனதற்கு இதுதான் காரணம்.

போன வருஷம் ஊரில் ஒரு பெரிய மண்டபத்தில் கல்யாணம். கெட்டி மேளம் முடிந்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழாயில் முப்பது வயசுப் பையன், தாடி, கையில் பச்சை குத்தியிருந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதன், சென்னையிலிருந்து வந்தவன்.

"அக்கா, நீங்க ப்ளூஸ் பண்ணுவீங்களா?" என்றான்.

காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எங்களிடம் பேசினால் புடவை பற்றித்தான் பேசுவார்கள். தவில்காரரிடம்கூட ஜரிகை அசலா என்று கேட்டவர்கள் உண்டு. அதனால் நான் யோசிக்கவே இல்லை.

"ப்ளவுஸ் துணி புடவையிலேயே வரும்பா. வெட்டித் தைக்கக் குடுத்துட வேண்டியதுதான்."

அவன் ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. ப்ளூஸ் என்பது ஒரு சங்கீதம் என்றான். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் பருத்திக் காட்டில் பாடியதிலிருந்து வந்ததாம். அவனும் அவன் சிநேகிதர்களும் சென்னையில் ஒரு ஓட்டல் பாரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை வாசிக்கிறார்களாம். சாக்ஸபோனுக்கு ஆள் இல்லை. நான் தாலிக்கு முன்னால் வாசித்த நீலாம்பரியை அவன் கேட்டிருக்கிறான்.

"அதுல ஒரு 'நி' புடிச்சீங்க பாருங்க, அது அப்படியே ப்ளூஸ்க்கா."

அந்த 'நி'யை ஒருத்தன் கவனித்தான் என்பதே எனக்கு ஆச்சரியம். இருந்தாலும் நான் கறாராகக் கேட்டேன். "அங்க எவனாவது விரலத் தூக்குவானா?"

"எதுக்குக்கா தூக்கணும்? அது லைவ் மியூசிக் பார். அங்க எல்லாரும் கேக்கத்தான் வருவாங்க."

கேக்கத்தான் வருவாங்க. இந்த வார்த்தைக்காகத்தான் நான் போனேன். இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவன் தவிலின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ப்ளூஸுன்னா நீலமா?"

"அப்படித்தான் பேரு."

"அப்போ நீலாம்பரிதான். இதுக்குப் போயி அமெரிக்கா வரிக்கும் இன்னாத்துக்குப் போறானுங்க?"

பையன் வாட்ஸாப்பில் பாட்டெல்லாம் அனுப்பினான். அண்ணன் தொடையில் தட்டி எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டு கட்டம் எண்ணினால் திரும்ப முதலிலிருந்து வருகிறது. "மாப்பிள்ள வர லேட்டாச்சின்னா நாம வாசிப்போமே, அதே கதைதான் பாப்பா. சுத்திச் சுத்தி வந்துக்கினே இருக்குது," என்றான். எனக்கு நாற்பத்தாறு வயது. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

முதல் ஞாயிறு காலையில் பஸ் ஏறினோம். அண்ணன் தவிலையும் தூக்கிக்கொண்டான். எதற்கு என்று கேட்டதற்கு, "வூட்ல உட்டுட்டு வந்தா மனசு அங்கியேதான் இருக்கும்" என்றான். தவில் எங்களுக்கு முன்னால் ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டது. தெருவில் கேட்டவர்களிடம் ஓட்டலில் கச்சேரி என்று சொன்னேன். பொய் இல்லை. ஓட்டலின் எந்த மாடி என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், உள்ளே போனால் கும்மிருட்டு. ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, பகல் பன்னிரண்டு மணிக்கு ராத்திரி செய்து வைத்திருந்தார்கள். சுவரெல்லாம் கறுப்பு மனிதர்களின் பெரிய படங்கள். கிதாரோடும் சாக்ஸபோனோடும் இருந்தார்கள். அந்த முகங்களை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவர்களைத் தெரியாது, ஆனால் அந்த முகம் தெரியும். முகூர்த்தம் முடிந்து, கடைசிப் பந்திக்கு இலை மிஞ்சுமா என்று காத்திருக்கிற எங்கள் ஆட்களின் முகம்.

பையன்தான் அங்கே தலைவன், கிதார் வாசிக்கிறவன். திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஞாயிறு மத்தியானம் அடிமைகளின் துக்கம்.

"அக்கா, ப்ளூஸ்னா வலி. நீங்க உங்க வலிய வாசிங்க," என்றான்.

"எனக்கு முட்டி வலிக்குதுபா. அஞ்சு மாடி ஏறி வந்தேன்."

"அது இல்லக்கா. உள்ளார இருக்கற வலி."

"முட்டி உள்ளாரதான் இருக்குது."

அண்ணன் சிரித்தான். பையன் சிரிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். புடவைப் பார்டர் படம் போட்டு 'காஞ்சிபுரம் ப்ளூஸ்' என்று எழுதியிருந்தது. நெசவாளிகளின் கஷ்டத்தைப் பற்றி மைக்கில் நாலு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டான். எங்கள் வீட்டில் யாரும் நெய்ததில்லை என்றேன். பரவாயில்லை, ஊர் அதுதானே என்றான். பேச மாட்டேன் என்றேன். முன் மேஜையிலிருந்த ஒரு பெண்மணி என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "இது ஒரிஜினல் காஞ்சியா?" என்று கேட்டாள்.

"நான் ஒரிஜினல் காஞ்சி. பொடவ சூரத்து," என்றேன். கல்யாண மேடைக்கும் நான் கட்டுவது அந்தப் புடவைதான். காஞ்சிபுரத்தில் பட்டு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்.

வாசிக்க ஆரம்பித்தோம். முதல் இரண்டு பாட்டுக்கு அவர்களோடு சேர்ந்து ஓடினேன். மூன்றாவது என்னுடையது. கிதாரும் டிரம்ஸும் பின்னால் மெதுவாக நடக்க, நான் நீலாம்பரியை எடுத்தேன். அண்ணனுக்குக் கடைசிப் பாட்டுக்குள் ஒரு சின்னத் துண்டு கொடுத்திருந்தார்கள். விரல் கூடு மாட்ட நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே மாட்டிக்கொண்டு, மேடை ஓரமாகத் தவிலோடு உட்கார்ந்திருந்தான். வலது கை விரல்களில் கெட்டியாகக் கூடு மாட்டாமல் தவிலை அடிக்க முடியாது. அந்தக் கூடுகளோடுதான் வறுத்த கடலையையும் எடுத்துத் தின்றுகொண்டிருந்தான்.

பையன் சொன்னது பொய் இல்லை. ஜனங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். என் முழு வாழ்க்கையில் நான் வாசிக்கிறபோது ஒரு கூட்டம் பேச்சைக் குறைத்தது அதுதான் முதல் தடவை. அந்த 'நி'யில் நான் கொஞ்சம் அதிகமாகவே நின்றேன். ஆலாபனை முடிந்தது. தாலாட்டுக்குள் இறங்கினேன். இரண்டாம் பாதி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது.

தூண் பக்கத்து மேஜையில் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன். அவன் கிளாஸ் காலி. வெயிட்டர் தூரத்தில் நின்றார். அவன் கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஆள்காட்டி விரலை ஆட்டினான்.

அவன் கேட்டது இன்னொரு பீர்.

எனக்குத் தகவல் மூளைக்குப் போகவில்லை, நேராக வாய்க்குப் போய்விட்டது. நீலாம்பரியை நட்டநடுவில் போட்டுவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஊதினேன். அதே நொடியில் அண்ணனும் கடலைத் தட்டைத் தள்ளிவிட்டுத் தவிலில் இறங்கிவிட்டான். அவனும் விரலைப் பார்த்துவிட்டான். ஐந்தாவது மாடி பாரில், இருட்டுக்குள், ஞாயிறு மத்தியானம் ஒன்றரை மணிக்கு, கெட்டி மேளம்.

அதற்கு மேல் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் நம் ஆட்கள்தான். என்னதான் ஆங்கிலத்தில் குடித்தாலும் கெட்டி மேளம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பாதிப்பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவன் கையில் இருந்த பாப்கார்னை மேடையைப் பார்த்து அட்சதை மாதிரி வீசினான். உடனே எல்லோரும் வீசினார்கள். பின்பக்கம் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கட்டம் போட்ட சட்டைக்காரன் தூக்கிய விரலை இறக்கத் தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வெயிட்டர் பயந்துபோய் அவன் முன்னால் மூன்று பீரைக் கொண்டுவந்து வைத்தார்.

கெட்டி மேளத்தை நாங்களாக நிறுத்த மாட்டோம். யாராவது உள்ளங்கையைக் காட்டி அமர்த்த வேண்டும். அங்கே அமர்த்துவதற்குப் புரோகிதரா இருக்கிறார்? வாசித்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் சமையலறையிலிருந்து மேனேஜர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். அதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினோம்.

பையன் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் கூரை இடிகிற மாதிரி கைதட்டல். அவன் மைக்கைப் பிடித்து, இது நாங்கள் மாசக்கணக்காக யோசித்துச் செய்த முயற்சி என்று ஆங்கிலத்தில் சொன்னான். அண்ணன் என் காதில், "இன்னா சொல்றான்?" என்றான்.

"நாம பண்ண தப்ப அவன் யோசிச்சானாம்."

"யோசிச்சிக்கட்டும் உடு," என்றான் அண்ணன். மறுபடியும் கடலையை எடுத்துக்கொண்டான்.

நீலாம்பரி என்ன ஆச்சு என்று பையனிடம் கேட்டேன். "அடுத்த வாரம்க்கா, கண்டிப்பா," என்றான்.

அடுத்த வாரம் பலகையை மாற்றியிருந்தார்கள். 'கெட்டி மேளம் ப்ளூஸ்'. வெளியே வரிசை நின்றது. யாரோ எடுத்த வீடியோ எங்கெங்கோ போயிருக்கிறது. மேஜைக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பாப்கார்ன் வைத்திருந்தார்கள். தின்பதற்கு வேறு, வீசுவதற்கு வேறு. மேனேஜர் எனக்குக் குடிக்க மோர் கொண்டுவரச் சொல்லி, "நீங்கதான் இங்க ஸ்டார்" என்றார். நான் நீலாம்பரியை எடுத்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு விரல் வந்தது. பிறகு பத்து விரல். கூட்டமே கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது. என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நிமிஷம். ஒரு ஜோடி நடுமேடைக்கு வந்து மோதிரம் மாற்றிக்கொண்டது. அவர்கள் நிஜமாகவே கட்டிக்கொள்ளப் போகிறவர்களா, வீடியோவுக்காகவா என்று தெரியவில்லை. முகூர்த்த மண்டபத்தில் எனக்கு நாலைந்து நிமிஷமாவது கிடைக்கும். சங்கீதம் கேட்கிறவர்கள் மத்தியில் ஒரு நிமிஷம்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணனிடம் கத்தினேன். அவனுக்கு அந்த இடம் பிடித்துப்போயிருந்தது. எல்லோரும் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள், வறுத்த கோழி கொடுத்தார்கள்.

"இன்னா பாப்பா உன் பிரச்சன? ஊர்ல தவில்காரன எவன் நிமிந்து பாக்கறான்? இங்க நிக்க வெச்சிக் கை தட்றானுங்க."

"நான் ஒரு ராகத்த முடிக்கணும்ண்ணா. அவ்ளோதான்."

"முடிச்சி?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தவில் மட்டும் ஒவ்வொரு பள்ளத்திலும் லேசாக முனகிக்கொண்டு வந்தது.

நான்காவது ஞாயிறு, ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பையனைப் பிடித்தேன்.

"நீ இன்னா சொல்லி என்ன இட்டாந்த? எல்லாரும் கேக்கத்தான் வருவாங்கன்னு சொன்ன இல்ல?"

"கேக்கறாங்கதானேக்கா? கெட்டி மேளம் கேக்கறாங்க."

அந்த இடத்தில்தான் எனக்கு அந்த வார்த்தை புரிந்தது. காதால் கேட்பதும் வாயால் கேட்பதும் நம் பேச்சில் ஒன்றுதான். இவன் ஒன்றைச் சொன்னான், நான் இன்னொன்றைக் கேட்டுக்கொண்டேன். ப்ளூஸைப் ப்ளவுஸ் என்று கேட்டவள்தானே.

"தாலிக்குக் கெட்டி மேளம் வாசிப்பேன். பீருக்கு வாசிக்க முடியாது," என்றேன். "இன்னிக்கு நீலாம்பரி முழுசா. எவன் விரலத் தூக்குனாலும் நிறுத்த மாட்டேன்."

பையன் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஜனம் வர்றதே அதுக்குத்தான். அது இல்லன்னா அடுத்த வாரம் உங்கள வெச்சிக்கறது கஷ்டம்."

"சரி. அப்போ இன்னிக்கு ஒரு நாள் எனக்கு இருக்குது இல்ல?"

அவன் கிதாரை எடுத்து மாட்டிக்கொண்டான். மோசமான பையன் இல்லை அவன். அந்த 'நி'யைக் கேட்டவன்தான். ஆனால் கேட்டதை விட்டுக்கொடுக்க அவனுக்குக் கஷ்டமாக இல்லை.

என் முறை வந்தது. கோயில் புறப்பாட்டில் சாமி நின்றால் நாங்கள் சாமி பக்கம் திரும்பி நின்றுதான் வாசிப்போம். முதுகு ஊருக்கு. யாரும் அதை மரியாதைக் குறைவு என்று நினைப்பதில்லை. நான் மேடையில் அப்படியே திரும்பி நின்றேன். கூட்டத்துக்கு முதுகு. பார்க்கவில்லை என்றால் விரல் இல்லை. என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

எதிரே, அந்தப் பலகைக்குக் கீழே, பாட்டில் அலமாரி. பாட்டில்களுக்குப் பின்னால் முழுக்கக் கண்ணாடி. நாலு வாரமாக அங்கே வருகிறேன், அந்தக் கண்ணாடியை நான் கவனித்ததே இல்லை.

ஆரம்பித்த ஒரு நிமிஷத்தில் விஸ்கி பாட்டிலுக்கும் ரம் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு குட்டி விரல் எழுந்தது. பிறகு பாட்டிலுக்குப் பாட்டில் விரல். வாயில் சாக்ஸபோன் ரீட் துடித்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. நான் அந்த 'நி'யைப் பிடித்துக்கொண்டேன். ஆற்றில் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி அதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பயம் அண்ணனைப் பற்றித்தான். அவனுக்கு விரல் நேராகத் தெரியும். அவன் கை விழுந்தால் என் கதையும் முடிந்தது. தவிலை எதிர்த்து ஒரு தாலாட்டு நிற்காது. கண்ணாடியில் அவன் உட்கார்ந்த இடம் தெரியவில்லை. காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருந்தேன்.

டொக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு டொக். தவில் சத்தம் இல்லை. எவர்சில்வர் கிண்ணத்தில் ஏதோ விழுகிற சத்தம். அண்ணன் விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாப்கார்ன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. தாலாட்டுக்குள் இறங்கினேன். முதுகில் பாப்கார்ன் வந்து விழுந்தது. முதலில் பழக்கத்தில் வீசினார்கள், பிறகு கடுப்பில் வீசினார்கள். எவனோ "கெட்டி மேளம்!" என்று கத்தினான். நான் ஏனாத்தூர் மாமன் தாலியோடு ஓடிவந்த இடத்தைத் தாண்டினேன். அதற்கு அப்பால் எப்படி இருக்கும் என்று வீட்டில் வாசித்துத் தெரியும். ஆனால் ஆட்கள் நடுவில் அது வேறு மாதிரி இருந்தது. எப்படி என்று சொல்ல எனக்கு வார்த்தை வராது. வாசித்தேன், முடித்தேன்.

யாரும் கை தட்டவில்லை. கோபத்தால் மட்டும் இல்லை, முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் முடிவை அங்கே எவனும் கேட்டதில்லையே. ஐஸ் பெட்டி உறுமுகிற சத்தம் கேட்டது. டிரம்ஸ்காரன், "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டான்.

"முடிஞ்சிது," என்றேன்.

அப்போது இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். அதில் ஒருவர் வெயிட்டர். தட்டுவதற்காகத் தட்டைக் கீழே வைத்தார். சங்கீதத்துக்காக இருக்கலாம். கால் மணி நேரம் யாரும் அவரைக் கூப்பிடாமல் விட்டதற்காகவும் இருக்கலாம். தூக்கிய விரலெல்லாம் எனக்குத்தானே.

செவ்வாய்க்கிழமை பையனிடமிருந்து வாட்ஸாப் வந்தது. கூட்டத்துக்கு முதுகு காட்டுவது தொழில்முறை இல்லையாம், இனி வர வேண்டாமாம். கும்பிடுகிற கை மூன்று போட்டிருந்தான். பிறகு தெரிந்துகொண்டேன், நாங்கள் வாசித்த கெட்டி மேளத்தைக் கீபோர்டில் ஒரு பட்டனில் பதிந்து வைத்திருக்கிறார்களாம். கூட்டம் விரலைத் தூக்கினால் பையன் விரலால் அமுக்குகிறான். பட்டனுக்கு முட்டி வலி கிடையாது. நீலாம்பரியும் கிடையாது.

முதுகு காட்டி வாசித்த அந்த ஞாயிறே, பஸ்ஸில் திரும்பும்போது அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. வறுத்த கோழியும் போட்டோவும் அவனுக்கும் அன்றோடு போயிற்று. விரல் கூடுகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒட்டிக்கொண்டிருந்த பாப்கார்ன் உப்பைத் துடைத்துக்கொண்டு வந்தான். செவிலிமேடு நெருங்கும்போது சொன்னான்.

"நல்லா முடியுது பாப்பா அது. இத்தினி வருஷம் உன் பக்கத்துல குந்திக்கினு இருக்கறேன், அது எப்படி முடியும்னு எனக்கே தெரியாது."

"புடிச்சிதா?"

"கடைசியில கீழ எறங்கி நின்னியே, அங்க எனக்கு ஒரு தட்டு தட்டலாம்னு இருந்திச்சி. கூட்டக் கழட்டிட்டேன்."

"தட்டியிருக்கலாமேண்ணா."

"வெறுங்கையில தட்டுனேன். உனக்குக் கேக்கல."

புதன்கிழமை ஊரில் முகூர்த்தம். விடியற்காலை மண்டபம், தூக்கம் கலையாத கூட்டம். நீலாம்பரியை எடுத்தேன். நாலு நிமிஷத்தில் புரோகிதர் விரலைத் தூக்கினார். போட்டுவிட்டுக் கெட்டி மேளம் வாசித்தேன். அண்ணனும் இறங்கினான். முன்வரிசையில் ஒரு பெரியவர் பலமாகத் தும்மினார். வாய் திறந்து மூடியதைப் பார்த்தேன். சத்தம் ஒருத்தருக்கும் கேட்கவில்லை.